மேல் ஷட்ஜம் எட்டவில்லையா? தொண்டையை நெருக்காதீர்கள்

குரல்வளை பாடுவதற்கென்று ஏற்பட்ட உறுப்பு அல்ல. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. அதனால்தான் மேல் ஸ்வரத்துக்கு முக்கும்போது விழுங்கும் தசைகளும் கூடவே கிளம்பி, குரல்வளையை மேலே தூக்கி நெருக்கிவிடுகின்றன.

விரலை வைத்துப் பாருங்கள்

கழுத்தின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மேடு கேடயக் குருத்தெலும்பு. அதற்குக் கீழே இருப்பது மோதிரக் குருத்தெலும்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அங்கே விரலை மெதுவாக வைத்துக்கொண்டு, கீழிருந்து மேல் ஷட்ஜம் வரை அகாரத்தில் இழுத்துப் பாடுங்கள். சுருதி ஏற ஏறப் பள்ளம் குறுகும். அங்குள்ள சிறு தசை சுருங்குவதால் உள்ளே குரல் நாண்கள் நீண்டு, மெலிந்து, விறைக்கின்றன. சுருதியை ஏற்றுவது முக்கியமாக இந்தத் தசைதான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதால் ஆவது ஒன்றுமில்லை.

நொடிக்கு 130 தடவை

நாண் என்றாலும் அது கம்பி அல்ல. ஈரமான இரண்டு சதை மடிப்புகள். நீளம் இரண்டு சென்டிமீட்டர் வந்தாலே அதிகம். நுரையீரல் காற்று தள்ள, அவை திறந்து மூடி அதிர்கின்றன. ஒரு கட்டை சுருதியில் ஆண் குரல் ஆதார ஷட்ஜத்தில் நிற்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 130 தடவை. மேல் ஷட்ஜத்தில் அதைப்போல் இரு மடங்கு. நாண்களில் பிறப்பது வெறும் ரீங்காரம். அதற்கு நிறம் கொடுப்பவை தொண்டைக் குழியும் நாக்கும் உதடும்.

1854-இல் பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்த மானுவல் கார்சியா, டாக்டர் அல்ல, ஸ்பெயின் நாட்டுப் பாட்டு வாத்தியார்!

மிளகுப் பால் எங்கே போகிறது?

உணவுக்குழாய்க்கு. பனங்கற்கண்டும் தேனும் தொண்டைக்கு இதம்தான். ஆனால் குரல் நாண்களைத் தொடுவதில்லை. அவற்றுக்கு வேண்டிய ஈரம், நாள் முழுக்க நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து உடல் வழியாகத்தான் வரவேண்டும். அடிக்கடி கனைப்பதும் அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களைப் படுத்துகிற பழக்கங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள்.

பொருந்தாத சுருதியில் மாதக்கணக்கில் கத்திப் பாடினால், மண்வெட்டி பிடித்த கையைப் போல நாண்களும் காய்த்துப்போகும். இரு நாண்களும் மோதிக்கொள்ளும் இடத்தில் முடிச்சு விழும். பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே சரியாகிவிடும். கத்தி எடுக்க அவசியமிருக்காது. அரைக் கட்டை இறக்கிப் பாடுவது அவமானம் இல்லை.

டாக்டரிடம் எப்போது?

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது. மூச்சுத் திணறலோ, இருமலில் ரத்தமோ, கழுத்தில் கட்டியோ இருந்தால் உடனே போகவேண்டும்.

இன்னொன்று: தைராய்டு அறுவைச் சிகிச்சை என்றால், சுருதி ஏற்றும் அந்தச் சிறு தசைக்குப் போகும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. நீங்கள் பாடுகிறவர் என்பதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.