கப்பலில் காலைச் சாப்பாடு: நெரிசலைத் தவிர்க்கும் வழிகள்

பெரிய சுற்றுலாக் கப்பல்களில் அதிக நெரிசல் மிகுந்த வேளை காலை உணவு வேளைதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பல கப்பல்களில் நேரமும் மேசையும் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. ஒரு குடும்பம் ஆறு மணிக்கு வந்தால் இன்னொரு குடும்பம் எட்டு மணிக்கு மேல் வரும். மதியத்தில் பலர் கரையில் இருப்பார்கள். காலையில் மட்டும்தான் எல்லோரும் கப்பலுக்குள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் பசிக்கிறது, யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 20 தளங்கள். அறைக்கு இருவர் என்று வைத்தாலே 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர் வரை தங்கலாம். பள்ளி விடுமுறையில் பெற்றோரும் பிள்ளைகளுமாக ஓர் அறையில் மூவர், நால்வர் தங்குவதால் கப்பலின் கணக்கு அந்தப் பெரிய எண்ணை நோக்கி ஏறும். ஆக, குடும்பங்கள் பயணம் செய்யும் மாதங்களில்தான் காலை நெரிசலும் உச்சத்தில் இருக்கிறது.

இந்த நெரிசலுக்கு உணவுப் பற்றாக்குறை காரணமில்லை, இடப் பற்றாக்குறையும் காரணமில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 4,000 பேர் பயணம் செய்யும் கப்பலில் பஃபே கூடத்தில் 1,000 இருக்கைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவர் உட்கார்ந்து எழ 45 நிமிடம் ஆகும் என்றாலும், ஏழு மணி முதல் பதினொரு மணிக்குள் ஓர் இருக்கையில் ஐந்து பேர் மாறிமாறி உட்காரலாம். அதாவது 5,000 பேர் சாப்பிடலாம். கப்பலில் இருப்பவர்களைவிட அதிகம். ஆனால் 2,000 பேர் எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் வந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் சுமார் 1,300 பேருக்குத்தான் இடம் கிடைக்கும். மீதி எழுநூறு பேர் கையில் தட்டோடும் இடுப்பில் குழந்தையோடும் மேசை தேடி அலைவார்கள். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி முடியும்வரை அடுத்த பந்திக்காரர்களை வாசலில் நிறுத்திவைக்க ஆள் இருக்கும். கப்பல் பஃபேயில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு இல்லை. எந்தப் பந்தியில் உட்காருவது என்பதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பஃபே கூடம் அமைந்திருக்கும் இடமும் நெரிசலைக் கூட்டுகிறது. நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலும் கடல் தெரியும்படியும் இருக்கவேண்டும் என்பதால் அதை மேல் தளங்களில் கட்டுகிறார்கள். கரைக்கு இறங்கும் வழியோ கீழ்த் தளத்தில். எனவே துறைமுக நாட்களில் அறையிலிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று காலை முழுவதும் லிஃப்டுகள் நிரம்பி வழிகின்றன. சாப்பிட அரை மணி நேரம் போதும் என்று நினைத்து வருபவர்கள் லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நெரிசல் எந்த நேரத்தில் வரும் என்பது அந்த நாள் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. நாள் முழுவதும் கப்பல் கடலில் இருந்தால் யாருக்கும் அவசரம் இல்லை. முந்தைய இரவு நிகழ்ச்சிகளில் கண்விழித்தவர்கள் மெதுவாக எழுவார்கள். அன்று உச்ச நேரம் பெரும்பாலும் ஒன்பது மணியைச் சுற்றி அமைந்து, பத்து மணி தாண்டியும் நீளும். ஏழரை மணிக்குள் போகும் குடும்பத்துக்கு சன்னல் ஓர மேசை தாராளமாகக் கிடைக்கும். துறைமுக நாட்களில் இது தலைகீழாக மாறிவிடும். கப்பல் காலை ஏழு, எட்டு மணிக்குக் கரையை அடையும். கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் குறித்த நேரத்தில் ஓர் இடத்தில் கூடவேண்டும். அதனால் ஏழு மணிக்கே பஃபே நிறைந்துவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு அதே கூடம் காலியாகக் கிடக்கும். முன்பதிவுச் சுற்றுலா எதுவும் இல்லாமல் தாமாக ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பம், முதல் அலை கரையேறியபிறகு சாப்பிட்டு இறங்குவதே மேல். அந்த நேரத்தில் இறங்கும் வழியிலும் வரிசை இருக்காது.

கப்பல் துறைமேடையில் நிற்காமல் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுசெல்லும் ஊர்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்கள் பினாங்கில் நகரத்தை ஒட்டிய ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையிலேயே நிற்கின்றன. புக்கெட்டிலோ பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிடுவது வழக்கம். முதல் படகுகளைப் பிடிக்க நினைப்பவர்கள் அன்று விடிந்ததும் பஃபேக்கு வந்துவிடுவார்கள்.

சிங்கப்பூர்ப் பயணங்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று கடிகாரம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கப்பலில் காலை எட்டு மணி என்றால் சென்னையில் ஐந்தரை. முந்தின நாள்தான் விமானத்தில் வந்திறங்கிய குழந்தைகளுக்கு எட்டு மணிக்குப் பசிக்காது, ஒன்பதரைக்குத்தான் கண்விழிப்பார்கள். அப்போது கடல் நாளின் உச்ச நெரிசலில் சரியாகப் போய்ச் சிக்கிக்கொள்வார்கள். கப்பல் ஏறுவதற்கு ஒரு நாள் முன்பே சிங்கப்பூர் வந்து ஓர் இரவு தங்கினால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். மேற்கே கரீபியனுக்குப் போகும் இந்தியக் குடும்பங்களுக்கு நிலைமை நேரெதிர்: முதல் சில நாட்கள் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். அவர்கள் அதைச் சாதகமாக்கிக்கொண்டு, கூடம் திறந்த உடனேயே சாப்பிட்டுவிடலாம்.

நேரத்தை மாற்ற முடியாதவர்கள் இடத்தை மாற்றலாம். இதில் பலர் கவனிக்காமல் விடுவது, இரவுச் சாப்பாடு நடக்கும் பெரிய உணவுக்கூடம். அது காலையிலும் திறந்திருக்கும். கூடுதல் கட்டணம் கிடையாது. உட்கார்ந்த இடத்துக்கே பணியாளர்கள் உணவு கொண்டுவருவார்கள். ஆனால் கப்பல் பயணம் என்றாலே பஃபே என்ற எண்ணம் பரவிவிட்டதால், மேலே வரிசை வளைந்து நிற்கும்போது கீழே இந்தக் கூடத்தில் மேசைகள் காலியாகவே இருக்கும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதுவே சிறந்த தேர்வு. சூடான பாத்திரங்களுக்கு நடுவே யாரும் தட்டு ஏந்தி நடக்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடத் தொடங்கலாம். ஒரு குறை உண்டு: சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம். எனவே இது கடல் நாட்களுக்குப் பொருத்தம். எட்டு மணிக்குச் சுற்றுலாப் பேருந்து பிடிக்கவேண்டிய நாளுக்குப் பொருந்தாது. துறைமுக நாட்களில் இந்தக் கூடம் பஃபேயைவிட முன்னதாக மூடிவிடுவதும் உண்டு. கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் கடல் நாட்களில் இந்தக் கூடத்தில் காலை உணவும் மதிய உணவும் கலந்த விருந்து பிற்பகல்வரை நடக்கிறது. தாமதமாக எழும் பதின்வயதுப் பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கு அது உதவும்.

சிறிய உணவகங்களும் கைகொடுக்கும். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் சென்ட்ரல் பார்க் என்ற மரஞ்செடிப் பூங்காவுக்குள் பார்க் கஃபே இருக்கிறது. அங்கே காலையில் எளிய உணவு உண்டு. கார்னிவலின் பல கப்பல்களில் நீச்சல் குளத்தருகே உள்ள மெக்சிகோ உணவுக் கடையில் காலையில் முட்டை வைத்த பரிட்டோ தருவார்கள். நார்வீஜியன் நிறுவனக் கப்பல்கள் பலவற்றில் உள்ள பப்பில் காலை உணவு பரிமாறப்படுகிறது. காப்பியும் ரொட்டியும் போதும் என்பவர்களுக்கு நடுத்தளக் கஃபேக்களே போதும். சென்னையிலிருந்து இந்திய, இலங்கைக் கரைகளுக்குப் போய்வந்த கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் போன்ற, இரண்டாயிரத்துக்கும் குறைவான பயணிகள் கொண்ட பழைய கப்பல்களில் இத்தனை வகை இடங்கள் இல்லை. அங்கே நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே முக்கிய வழி.

அறைக்கே உணவை வரவழைப்பது இன்னொரு வழி. இரவில் படுக்கும் முன், வேண்டியவற்றையும் நேரத்தையும் ஓர் அட்டையில் குறித்துக் கதவின் வெளிப்பக்கம் மாட்டவேண்டும். இப்போது சில கப்பல்களில் கைப்பேசிச் செயலியிலேயே சொல்லிவிடலாம். ரொட்டி, பழம், சீரியல், காப்பி, ஜூஸ் போன்றவை பல நிறுவனங்களில் இலவசம். முட்டை உணவு போன்ற சூடான பண்டங்களுக்குச் சில நிறுவனங்கள் கட்டணம் வாங்குகின்றன. கொண்டுவரும் பணியாளருக்கு ஓரிரு டாலர் கொடுப்பது வழக்கம். அதிகாலைச் சுற்றுலா உள்ள நாளில் இதன் பலன் பெரிது: பெற்றோர் குளித்துக் கிளம்பும்போதே பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கோ இது வசதி மட்டும் அல்ல. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டபிறகு பஃபே வரிசையில் அரை மணி நேரம் நிற்பது ஆபத்தான காரியம். உணவு மேசைக்கு வந்தபிறகே மருந்தை எடுக்கலாமா என்று பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும், அறையில் எப்போதும் பிஸ்கட்டும் பழமும் வைத்திருப்பதும் நல்லது.

பஃபேக்கே போவதானால், கூடத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பல கப்பல்களில் ஒரே வகை உணவு இரு பக்கங்களிலும் வைக்கப்பட்டிருக்கும். லிஃப்டிலிருந்து வெளியே வரும் கூட்டம் முதலில் தெரியும் பக்கத்திலேயே தேங்கி நிற்கும். மறுபக்கத்திலும் கூடத்தின் கடைசியிலும் ஆள் குறைவு. கப்பலின் பின்முனையில் திறந்தவெளி மேசைகள் இருந்தால், உள்ளே இடமில்லாதபோதும் அங்கே இடம் கிடைக்கலாம். முதல் நாள் கப்பல் ஏறியதும் ஐந்து நிமிடம் சுற்றிப்பார்த்து இதைக் கண்டுகொள்ளலாம். ஒருவர் குழந்தைகளோடு மேசையில் இருக்க, மற்றவர் எடுத்துவருவதும் பிறகு மாறிக்கொள்வதும் நல்ல முறை. ஆனால் யாரும் வருமுன்பே நாற்காலிகளில் பையையும் சட்டையையும் போட்டு எட்டு இடங்களைப் பிடித்துவைப்பது, தட்டோடு நிற்கும் இன்னொரு குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். எல்லா நிலையங்களிலும் மெதுவாக நகர்வது ஆம்லெட் வரிசைதான். ஒவ்வோர் ஆம்லெட்டையும் தனித்தனியாகச் சுட வேண்டியிருப்பதால் அது வேகமாக நகராது. அவசரமான நாளில் அதை விட்டுவிடலாம். இந்தியப் பயணிகள் மிகுதியாக வரும் சிங்கப்பூர்ப் பயணங்களில் இட்லி, உப்புமா, சாம்பார் வைப்பதும் உண்டு. சைவ, ஜைன உணவு வேண்டுவோர் பயணத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு, கப்பல் ஏறிய அன்றே தலைமைப் பணியாளரிடமும் நினைவூட்ட வேண்டும்.

கூட்டத்தைத் தவிர்ப்பதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ் கப்பல் போன்ற மூடிய இடங்களில் வேகமாகப் பரவுகிறது. ஒருவர் தொட்ட கரண்டியை நூறு பேர் தொடும் பஃபே அதற்கு ஏற்ற இடம். ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி இந்த வைரஸை அழிக்கப் போதாது. சோப்புப் போட்டு இருபது நொடி கழுவுவதே பலன் தரும். பஃபே வாசலிலேயே கைகழுவும் தொட்டி வைத்திருக்கும் கப்பல்களில், பின்னால் வரிசை நின்றாலும் குழந்தைகளின் கையைக் கழுவாமல் உள்ளே அழைத்துப்போகக் கூடாது. நோய் பரவினால் கரண்டியைப் பயணிகள் தொடாதபடி பணியாளர்களே பரிமாறுவார்கள்; அப்போது வரிசை நீளும், அதை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

அவசரத்தில் மிச்சமானதைப் பையில் போட்டுக்கொண்டு கரையிறங்கிச் சாப்பிடலாம் என்று நினைப்பதும் தவறு. பழம், இறைச்சி, பால் பொருட்களைக் கப்பலிலிருந்து கொண்டுவரப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் இதற்கு அபராதமும் விதிக்கலாம்.

குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற நல்ல விருப்பமே பல நேரம் காலை நெரிசலுக்குக் காரணமாகிறது. அதிகாலையில் எழுந்துவிடும் தாத்தாவும் பத்து மணிவரை தூங்கும் பேரனும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும் என்றால் ஒருவர் பட்டினியும் ஒருவர் தூக்கக்கலக்கமுமாக உச்ச நேரத்துக்குள் போய்ச் சேருவார்கள். ஆறரை மணிக்குப் பெரியவர்கள் பஃபேயில் காப்பி குடித்துவிட்டு, எட்டு மணிக்குக் குழந்தைகளோடு பெற்றோர் கீழே உள்ள பெரிய உணவுக்கூடத்துக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை. மேசை முன்பே ஒதுக்கப்பட்ட இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் ஒன்றுகூடலாம்.

பயணத்தின் கடைசிக் காலையை மட்டும் தனியாகக் கணக்கிட வேண்டும். எட்டு மணி அளவிலேயே அறைகளைக் காலி செய்யச் சொல்வதால் எல்லோரும் கைப்பைகளோடு பஃபேக்கு வந்துவிடுவார்கள். அறைக்கு உணவு அனுப்புவதும் அன்று பல கப்பல்களில் நிறுத்தப்படும். உணவுக்கூடங்களும் வழக்கத்தைவிட முன்னதாகவே மூடிவிடும். அன்றைய நேரங்கள் முந்தைய நாள் அறைக்கு வரும் தினசரித் தாளிலோ கைப்பேசிச் செயலியிலோ இருக்கும். அதைப் படித்து, இரவே பெட்டிகளைக் கட்டிவைத்து, உணவுக்கூடம் திறக்கும் நேரத்துக்கே குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.