ஈயக் குட்டையிலிருந்து பல்கலைக்கழகம் வரை: காம்பார் நகரின் கதை

காம்பார் - ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள காம்பாரில், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் கிடக்கும் ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. அவை ஈயம் தோண்டிய குட்டைகள்.

நகருக்குக் கிழக்கே நிற்கும் புஜாங் மலாக்கா கருங்கல் மலை. அதன் பாறைகளில் இருந்த ஈயத் தாது பல லட்சம் ஆண்டுகளாக மழையில் அரித்து, ஆற்று மணலோடு கிந்தா பள்ளத்தாக்கில் படிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தேடித் தென்சீனாவிலிருந்து தொழிலாளர்கள் திரண்டு வந்தனர். அவர்கள் இவ்வூருக்கு இட்ட சீனப் பெயருக்கு 'பொன் புதையல்' என்று பொருள். இன்றும் நகரில் சீனர்களே பெரும்பான்மையினர்.

அதே மலைச்சரிவில்தான் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியப் படையைப் பிரிட்டிஷ் படை எதிர்த்து நின்றது. மேட்டிலிருந்து பார்த்தால் மேற்கே மரமற்ற ஈய வெளி. எதிரி மறைய இடமில்லை. அங்கு பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கிய வீரர்கள் பலரும் போரிட்டு மடிந்தனர்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்பு தேடி இளைஞர்கள் வெளியேறினர்.

2007இல் பழைய சுரங்க நிலத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டதும் ஊர் மீண்டும் நிமிர்ந்தது. வாடகை வீடுகள், சாப்பாட்டுக் கடைகள் பெருகின. 2009இல் காம்பார் தனி மாவட்டமானது.

அன்று ஈயம், இன்று மாணவர்கள். ஒரே வருமானத்தை நம்பிய ஊர் எவ்வளவு சீக்கிரம் சாயும் என்பதை, தோட்டத் துண்டாடலைக் கண்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.