மண்ணுக்கு அடியிலும் மனச்சாட்சி!

கோலார் தங்கவயல் கிறிஸ்தவத் தொழிலாளர்களின் அன்றாடச் சோதனைகள்

ஷிப்டு முடியும் நேரம். தங்கப் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, வெடிமருந்து திணித்தாகிவிட்டது. திரியைப் பற்ற வைத்தவர்கள் தூரத்தில் பத்திரமான இடத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். வெடிகள் ஒவ்வொன்றாக அதிர்கின்றன. யாரும் பேசவில்லை. எல்லாருடைய உதடுகளும் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

பதினெட்டுத் துளை போட்டிருந்தால் பதினெட்டுச் சத்தம் கேட்கவேண்டும். பதினேழு கேட்டால்? ஏதோ ஒரு துளையில் மருந்து வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஷிப்டில் வருகிறவன் தெரியாமல் அங்கே துளை போடும் மிஷினை வைத்தால் அவன் கதி என்ன?

ஆகவே எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரியிடம் சொல்லவேண்டும். அடுத்த ஷிப்டுக்குத் தகவல் போகவேண்டும். இது சுரங்க விதி. ஆனால் எட்டு மணி நேரம் வெந்து களைத்தவனுக்கு அப்போது என்ன தோன்றும்? "இரண்டு வெடி ஒன்றாகக் கேட்டிருக்கும். நமக்கு ஏன் வம்பு? கேஜ் ஏறிப் போவோம்" என்றுதான் தோன்றும். பதினெட்டு என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கோலார் தங்கவயலில் இந்தக் காட்சி இன்று இல்லை. 2001 பிப்ரவரி 28-ந்தேதியோடு சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு தொழிலாளியின் தெய்வ பக்தி எங்கே சோதிக்கப்படுகிறது என்று கேட்டால், இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாரும் வெள்ளைச் சட்டைதான். திங்கட்கிழமை மண்ணுக்கு அடியில்தான் விஷயம் தெரியும்.

பிழைக்க வந்தவர்கள்

1880-ம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த "ஜான் டெய்லர் அண்டு சன்ஸ்" கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கிராமத்தில் சேரிக்கு அப்பால் கால் வைக்க முடியாதவர்கள். ஒரு காலத்தில் 30 ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்த சுரங்கங்கள் இவை. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 ஆயிரம் மீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். "ராக் பர்ஸ்ட்" என்று சொல்லப்படும் பாறை வெடிப்பு எந்த நேரத்திலும் வரலாம். கேஜில் இறங்குகிறவன் திரும்பி ஏறி வருவான் என்பது நிச்சயம் இல்லை.

அப்படிப்பட்ட ஊரில் எல்லாருக்கும் ஒரு கடவுள் தேவைப்பட்டார். லைன் வீடுகளில் மாரியம்மனும் உண்டு, பெருமாளும் உண்டு, மசூதியும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் மூட்டிய தமிழ்ப் பௌத்த எழுச்சியும் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, லுத்தரன் என்று கிறிஸ்தவ சபைகளும் பெருகின. சாம்பியன் ரீப் வெற்றி மாதா கோவில் இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதை

சுரங்கத் தொழிலாளிக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள தொடர்பு தங்கவயலில் தொடங்கியது அல்ல. 1739-ல் ஜான் வெஸ்லி என்ற பாதிரியார், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், நிலக்கரித் தொழிலாளர்களுக்குத் திறந்த வெளியில் நின்று போதித்தார். அவர்களை எந்தக் கோவிலும் அதுவரை சேர்த்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 1743-ல் கார்ன்வால் பகுதிக்குப் போனார். அங்கே தகரமும் செம்பும் எடுக்கும் சுரங்கத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக அவர் பின்னால் போனார்கள். அந்தக் கார்ன்வால் சுரங்கக்காரர்களின் வாரிசுகளே பின்னாளில் ஜான் டெய்லர் கம்பெனியின் ஆட்களாகக் கோலாருக்கு வந்து இறங்கினார்கள்.

வெஸ்லி வெறும் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. 1743-ல் தம் சங்கத்தாருக்குச் சில விதிகளை எழுதிக் கொடுத்தார். அவற்றைப் பார்த்தால் ஏதோ தங்கவயல் லைனுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். குடிக்கக் கூடாது. திருப்பிக் கொடுக்க வழி இல்லாமல் கடன் வாங்கக் கூடாது. அநியாய வட்டி கூடாது. சுங்கம் கட்டாத கள்ளச்சரக்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. கார்ன்வால் கடற்கரையில் கள்ளக் கடத்தல் அன்றாடத் தொழிலாக இருந்த காலம் அது. ஜெபம் செய்துவிட்டுக் கடத்தல் சரக்கை வாங்காதே என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

கத்தோலிக்க சபையிலும் 1891-ல் போப்பாண்டவர் 13-ம் லியோ தொழிலாளர் பிரச்சினை பற்றி உலகம் முழுவதற்கும் சுற்றுமடல் விடுத்தார். தொழிலாளி ஒழுங்காக வேலை செய்யவேண்டும். முதலாளி குடும்பம் பிழைக்கிற அளவுக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நீதி என்றார்.

இரண்டாவது பாதியைக் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பது தங்கவயல் தொழிலாளர்களுக்குத் தெரியும். துரைமார்களுக்கு ஓட்டுப் பங்களா, தோட்டம், கிளப்பு. தொழிலாளிக்கு ஒற்றை அறை லைன் வீடு. வேதப்புத்தகம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்!

கைக்கு எட்டிய தங்கம்

கூலி குறைவு. குடும்பம் பெரிது. கையிலோ தங்கப் பாறை! இதைவிடப் பெரிய சோதனை ஒரு மனிதனுக்கு வருமா?

தங்கவயலில் தங்கக் கடத்தல் நடந்தது ரகசியம் அல்ல. மேலே ஏறி வருகிற தொழிலாளியைச் சோதனை போடுவார்கள். பழைய மைசூர் சமஸ்தானத்தின் சுரங்கச் சட்டமும் கடுமையாக இருந்தது. திருடாதவனும் திருடனைப்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். 1930-ல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்யவேண்டும் என்றபோது, "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்ற கோபத்தில் சுரங்கங்கள் முழுவதும் வேலை நிறுத்தம் வெடித்தது. கம்பெனி இறங்கி வரவேண்டியதாயிற்று.

"நம்மைத் திருடனாக நினைக்கிற கம்பெனியிடம் எதற்கு நேர்மை?" என்ற கேள்வி அன்று பல மனங்களில் எழுந்திருக்கும். நியாயமான கேள்விதான். ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு. கம்பெனிக்கு மட்டும் சொல்லிவிட்டு அது நின்றுவிடாது. சோதனைக்காரனிடம் பொய் சொல்லிப் பழகிய நாக்கு, வெடி எண்ணிக்கையிலும் பொய் சொல்லும். முட்டுச் சட்டத்தைச் சரியாக நிறுத்தாமலே "நிறுத்தியாயிற்று" என்று சொல்லும். அப்போது சாகிறவன் லண்டனில் இருக்கிற பங்குதாரர் அல்ல. பக்கத்து லைன்காரன்!

திருட்டுத் தங்கத்தை விற்ற பணம் காணிக்கைப் பெட்டியில் விழுந்தால் சபை என்ன செய்யும் என்பது இன்னொரு கேள்வி. யூதாஸ் திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக்காசை ஆலயப் பொக்கிஷத்தில் சேர்க்க அந்தக் காலத்து ஆசாரியர்களே தயங்கினார்கள். அதைக் கொண்டு குயவனுடைய நிலத்தை வாங்கி, அன்னியரைப் புதைக்கும் இடமாக்கினார்கள் என்கிறது வேதம். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்காத சபைக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

யோபு ஆகமத்தில் 28-ம் அதிகாரம் சுரங்கத்தைப் பற்றித்தான் தொடங்குகிறது. இருட்டைத் துளைத்துக்கொண்டு போய்ப் பொன்னையும் வெள்ளியையும் எடுக்கிற மனிதனை அது வியக்கிறது. ஆனால் ஞானத்தை மட்டும் எந்தச் சுரங்கத்திலும் தோண்டி எடுக்க முடியாது என்கிறது.

சம்பள நாள்

சுரங்கத்துக்கு வெளியே பெரிய சோதனை சம்பள நாள். சாராயக் கடை ஒரு பக்கம், வட்டிக்காரர் ஒரு பக்கம். இரண்டையும் தாண்டிப் பணம் வீட்டுக்கு வந்தால் அந்த மாதம் பிள்ளைகளுக்குச் சோறு. வராவிட்டால் மளிகைக் கடையில் மறுபடியும் கடன் நோட்டு.

வீட்டில் இருக்கிறவள் செய்கிற முடிவும் சிறியது அல்ல. தமிழ்ச் சபைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும், அல்லது இல்லாதவர்களுக்குப் போகும். பானை நிறைய அரிசி உள்ளவளுக்கு அது பெரிதல்ல. அளந்து உலை வைக்கிறவளுக்கு அந்த ஒரு பிடி, தன் வாய்ச் சோறு.

விபத்துச் செய்தி வந்துவிட்டால் லைனில் சாதியும் கிடையாது, மதமும் கிடையாது. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டுக் கஞ்சிதான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றை நிறைக்கும். கொடுக்கிறவள் நெற்றியில் குங்குமம் இருக்கலாம், கழுத்தில் ஜெபமாலை இருக்கலாம். நல்ல சமாரியன் கதையை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் அதைச் செய்துகாட்டிய ஊர் இது. கேட்டவர்கள் செய்யாமல் இருந்தால் வெட்கப்பட வேண்டியதுதான்.

மனுவில் எழுதும் மதம்

எல்லாக் கேள்விக்கும் இப்படிச் சுலபமாகப் பதில் கிடைத்துவிடாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு கட்டம் வருகிறது. மதம் என்ன? சாதி என்ன?

1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியல் சலுகை இந்துக்களுக்கு மட்டுமே என்று ஆயிற்று. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒரே லைன், ஒரே வேலை, ஒரே பரம்பரை. அண்ணன் வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு. ஞானஸ்நானம் பெற்ற தம்பியின் பிள்ளைக்கு இல்லை.

ஆலயத்தில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் ஒரு பெயர் என்று வாழ்கிறவர்கள் உண்டு. உண்மையை எழுதிவிட்டு, பிள்ளையின் காலேஜ் பணத்துக்கு அலைந்தவர்களும் உண்டு. முதலில் சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று திட்டுவது எளிது. திட்டுகிறவர்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதப் பீசாவது கட்டினார்களா என்பதுதான் கேள்வி. உண்மை பேசு என்று சொல்கிற சபைக்கு, உண்மை பேசியவனின் நஷ்டத்தில் பங்கு எடுக்கிற கடமையும் இருக்கிறது.

கேஜ் போய் ரெயில் வந்தது

சுரங்கங்களை 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசின் கைக்குப் போயிற்று. 1972-ல் "பாரத் கோல்டு மைன்ஸ்" ஆயிற்று. கடைசியில் 2001-ல் கதவு அடைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் தெருவில் நின்றார்கள். நேர்மையாக வேலை செய்தவனும் நின்றான், செய்யாதவனும் நின்றான். நேர்மைக்குக் கம்பெனியிடமிருந்து கூலி கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

இப்போது தங்கவயல்காரர்களுக்குக் கேஜுக்குப் பதில் ரெயில். 1894-ல் சுரங்கத்துக்காகப் போட்ட மாரிக்குப்பம்–பவுரிங்பேட்டை கிளைப்பாதைதான் இன்று ஊருக்குச் சோறு போடுகிறது. பவுரிங்பேட்டை இப்போது பங்காருபேட்டை. விடியும் முன்னே மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் சாப்பாட்டு டப்பாவோடு கூட்டம் நிற்கிறது. பெங்களூரில் காவல் வேலை, கட்டட வேலை, கடை வேலை, ஆபீஸ் வேலை. இருட்டிய பிறகே திரும்பி வருகிறார்கள்.

சோதனைகளும் ரெயில் ஏறிவிட்டன. சீசன் டிக்கெட் எடுப்பதா, பரிசோதகர் வராத பெட்டியாகப் பார்த்து ஏறுவதா? வராத நண்பனுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதா, கைக்குழந்தையோடு நிற்கிறவளை உட்காரச் சொல்வதா? கடையில் முதலாளி இல்லாத நேரத்தில் கல்லாவில் போடும் பணத்துக்குக் கணக்கு சரியாக இருக்குமா? வேலை இருப்பதாகத் தெரிந்தால் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்வோமா, நம் பையனுக்கு மட்டும் சொல்வோமா?

ஆகஸ்டு 29-ந்தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் தங்கவயலிலிருந்தும் ஜனங்கள் புறப்படுகிறார்கள். காலில் கொப்புளம் வர நடக்கிறவர்களும் உண்டு. அந்தப் பக்தியை யாரும் குறை சொல்ல முடியாது. செப்டம்பர் 8-ந்தேதி திருநாள் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, அடுத்த திங்கட்கிழமை காலை அதே ரெயிலில் ஏறவேண்டும். அங்கேதான் மறுபடியும் பரீட்சை.

சுரங்கத்தில் பதினேழு வெடிதான் கேட்டது என்று உண்மையைச் சொன்னவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவன் சொன்னதால் பிழைத்தவனுக்கே அது தெரியாது. அடுத்த ஷிப்டுக்கு இறங்கியவன் வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று விடியற்காலை ரெயிலில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.