'வுல்ஃப் ஹால்' நாவலை ஏன் முடிக்க முடியவில்லை?

பாதியில் நின்றுபோன புத்தகம் எல்லார் வீட்டு ஷெல்ஃப்லயும் ஒன்றாவது இருக்கும். இன்னைக்கு அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைப் பத்திப் பேசலாம். ஹிலாரி மேன்டல் எழுதிய 'வுல்ஃப் ஹால்'. 2009-ல் வெளியாகி, அதே வருஷம் புக்கர் பரிசு வாங்கியது. அதன் தொடர்ச்சியான 'பிரிங் அப் த பாடீஸ்' 2012-ல் மறுபடியும் புக்கர் வாங்கியது. புக்கரை இரண்டு முறை வென்ற முதல் பெண் மேன்டல்தான். மூன்றாவது பாகம் 2020-ல் வந்தது. 2022-ல் மேன்டல் இறந்துவிட்டார்.

இவ்வளவு கொண்டாடப்பட்ட நாவல். ஆனா வாசிக்கிற நண்பர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. "வாங்கி வெச்சிருக்கேன், நூறு பக்கம் தாண்டல" என்பதுதான் பெரும்பாலும் பதில். எனக்கும் மூன்றாவது முயற்சியில்தான் முடிந்தது. முதல் தடவை எண்பது பக்கம். இரண்டாவது தடவை இருநூறு. மொத்தம் கிட்டத்தட்ட 650 பக்கம்.

முடித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். இந்த நாவலில் நாம் தடுமாறும் இடங்கள் எழுதியவர் கவனிக்காமல் விட்டவை இல்லை. அதில் முக்கியமான ஒரு தடுமாற்றத்துக்குள்தான் நாவல் சொல்ல வந்த விஷயமே இருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டா, மறுபடி எடுத்துப் படிக்கத் தோணும்.

முதலில், கதை

இங்கிலாந்து, பதினாறாம் நூற்றாண்டு. மன்னர் எட்டாம் ஹென்றி. 1509-ல் அரகான் நாட்டு கேத்தரினை மணந்தார். ஒரே ஒரு மகள்தான் பிழைத்தாள். ஹென்றிக்கு ஆண் வாரிசு வேணும், ஆன் போலினும் வேணும். கல்யாணம் செல்லாது என்று போப் அறிவிக்க வேண்டும். ஆனால் 1527-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமையே சூறையாடியது. அந்த சார்லஸ் யாருன்னா, கேத்தரினுடைய அக்கா மகன். சித்திக்கு எதிராகத் தீர்ப்பு சொல்ல போப்புக்கு எப்படித் தைரியம் வரும்?

இந்த வேலையை முடிக்க முடியாததால்தான் ஹென்றியின் வலது கையாக இருந்த கார்டினல் வுல்சி வீழ்ந்தார். அவரிடம் வேலை பார்த்த தாமஸ் கிராம்வெல் எழுந்தார். 1533-ல் ஆன் ராணியானார். 1534-ல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னரே தலைவர் என்று சட்டம் வந்தது. இதெல்லாம் சட்டமாகவும் கடிதமாகவும் பேரமாகவும் மாறியதற்குப் பின்னால் இருந்த மூளை கிராம்வெல். நாவல் இவரைப் பற்றியது. வரலாற்றுப் பாடத்தில் வரும் ஆலிவர் கிராம்வெல் வேற ஆள். அவர் ஒரு நூற்றாண்டு பிந்தியவர், இந்தத் தாமஸின் சகோதரி மகன் வழியில் வந்தவர்.

இந்த இரண்டு பத்தி தெரிஞ்சா போதும், நாவலுக்குள்ள போயிடலாம்.

யார் அந்த 'ஹீ'?

பெரும்பாலானவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆங்கிலத்தில் 'ஹீ' என்று வந்தால், அதற்குச் சற்று முன் எந்த ஆணின் பெயர் வந்ததோ அவரைத்தான் மனசு எடுத்துக்கொள்ளும். மேன்டலிடம் அந்தக் கணக்கு செல்லாது. இந்த நாவலில் 'ஹீ' என்று மொட்டையாக வந்தால், பெரும்பாலும் அது கிராம்வெல்.

உதாரணத்துக்கு, கார்டினல் ஒரு நீண்ட பேச்சு பேசி முடிக்கிறார்னு வெச்சுக்கங்க. அடுத்த வரியில் 'ஹீ' ஜன்னல் பக்கம் போகிறார். கார்டினல்தான் எழுந்து போகிறார் என்று நினைத்துப் படிப்போம். நாலு வரி தள்ளி கார்டினல் இன்னும் நாற்காலியிலேயே இருப்பார். மறுபடி மேலே போய்ப் படிக்கணும். பத்து பக்கத்துக்கு ஒரு முறை இப்படி நடந்தா யாருக்குத்தான் சலிக்காது? வாசகர்கள் இதில் தடுமாறுவது மேன்டலுக்கும் தெரிந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் பல இடங்களில் 'ஹீ, கிராம்வெல்' என்று பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஏன் முதலில் இப்படி எழுதினார்? நம்மைப் பற்றி நாம் யோசிக்கும்போது பெயர் சொல்லி யோசிப்பதில்லை. மேன்டல் நம்மை கிராம்வெல்லின் தோளுக்குப் பின்னால் நிற்க வைக்கிறார். அங்கிருந்து பார்த்தால் மற்றவர்களுக்குத்தான் பெயரும் பட்டமும் தேவை.

இதைத் தமிழில் யோசிச்சுப் பார்த்தப்பதான் எனக்கு முழுசா விளங்கிச்சு. இந்த நாவலைத் தமிழில் மொழிபெயர்க்க உட்காரும் ஒருவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி வரும்: அவனா, அவரா?

நாவலின் தொடக்கம் 1500-ம் வருஷம், லண்டனுக்குப் பக்கத்தில் பட்னி என்ற ஊர். கொல்லர் வால்ட்டர், தன் மகனை அடித்துத் தரையில் சாய்த்திருக்கிறார். அந்தப் பையன் 'அவன்'. அதில் குழப்பமில்லை. அடுத்த அத்தியாயம் 1527. அதே பையனுக்கு இப்போ நாற்பது வயசுக்கு மேல். வக்கீல், பல மொழி தெரிந்தவர், கார்டினலின் நம்பிக்கைக்கு உரியவர். இப்போ 'அவர்'. சரி, எந்தப் பக்கத்தில் 'அவன்' போய் 'அவர்' வந்தது? யார் பார்வையில்? சமையல்கட்டில் இருக்கிற பையன்களுக்கு அவர் 'அவர்'தான். ஆனா நார்ஃபோக் டியூக்குக்கு? எத்தனை பதவி வந்தாலும் கொல்லன் மகன் 'அவன்'தான்.

தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட விடாது. ஆங்கில 'ஹீ'க்குள் அது ஒளிந்துகொள்கிறது. மன்னருக்கும் அதே 'ஹீ', கொல்லன் மகனுக்கும் அதே 'ஹீ'. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் ஓர் அரண்மனையில், மேன்டல் அந்தப் பொதுச் சொல்லை எடுத்து கொல்லன் மகனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள்தான் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வரணும். நம்மைத் தடுமாற வைக்கும் அந்த ஒரு சொல்தான் இந்த நாவலின் அரசியல்.

நிஜ வரலாறு இதில் எவ்வளவு கொடுமையாக நடந்துகொண்டது என்று பாருங்க. 1540 ஏப்ரலில் கிராம்வெல் எசெக்ஸ் பிரபுவாக்கப்பட்டார். ஜூனில் கைது. அப்போது அவர் கழுத்தில் இருந்த செயின்ட் ஜார்ஜ் பதக்கத்தை நார்ஃபோக் டியூக்கே பிடுங்கினார் என்று பிரெஞ்சுத் தூதர் எழுதியிருக்கிறார். ஜூலை 28-ல் தலை வெட்டப்பட்டது. 'அவர்' என்பதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாரும் தாமஸ்

அடுத்த தொல்லை பெயர்கள். தாமஸ் கிராம்வெல், தாமஸ் வுல்சி, தாமஸ் மோர், தாமஸ் கிரான்மர், தாமஸ் போலின், தாமஸ் ஹவர்ட், தாமஸ் வயட், தாமஸ் ஆட்லி. இது மேன்டலின் கற்பனை இல்லை, அப்போது நிஜமாகவே அத்தனை தாமஸ் இருந்தார்கள். போதாததற்கு ஒரே ஆளுக்குப் பெயர் ஒன்று, பட்டம் ஒன்று. தாமஸ் ஹவர்ட்தான் நார்ஃபோக் டியூக்.

நமக்கு இது பழகாத விஷயமா என்ன? அருள்மொழிவர்மனும் பொன்னியின் செல்வனும் ராஜராஜனும் ஒரே ஆள் என்று சிரமப்படாமல் படித்தோமே. ஆனா அங்கே ஒரு வசதி இருந்தது. வந்தியத்தேவன் சோழ நாட்டுக்குப் புதுசு. அவனுக்கு யாராவது ஒரு விஷயத்தை விளக்கும்போது நமக்கும் விளங்கிவிடும். சந்தேகம் வந்தால் கல்கியே நேராக வந்து வாசகர்களிடம் பேசிவிடுவார். மேன்டல் நம்மை அனுப்புவது எல்லாம் தெரிந்த ஒரு ஆளோடு. கிராம்வெல்லுக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. அதனால் நமக்கும் யாரும் விளக்குவதில்லை.

புத்தகத்தின் முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியலும் வம்சாவளியும் இருக்கு. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். புது ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் யார் யாரென்று தெரியாமலேயே வேலை பார்ப்போம் இல்லையா, அப்படிப் போங்க. முக்கியமானவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

பின்னாடி ஓடும் காலம்

நூறு பக்கத்தை ஒட்டி நிறைய பேர் நிற்பதற்கு எனக்குத் தெரிந்து இன்னொரு காரணம் இருக்கு. முதல் அத்தியாயம் 1500. அடுத்தது 1527. பிறகு 1529-ல் கார்டினலின் மாளிகையைப் பறிக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கதை சூடுபிடிக்கிறது என்று நிமிர்ந்து உட்காரும்போது, அடுத்த அத்தியாயம் 1521-க்குப் போய்விடுகிறது. அதற்கும் முன்னால் பிரிட்டன் உருவான புராணக் கதை வேற, ராட்சதர்களோடு.

இங்கேதான் நான் முதல் தடவை புத்தகத்தை மூடினேன். ஆனா தாண்டக் கூடாத அத்தியாயம் இதுதான். கிராம்வெல் ஒரு நாள் காலையில் மனைவி லிஸ்ஸைப் படுக்கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். திரும்பி வரும்போது லிஸ் இல்லை. வியர்வைக் காய்ச்சல் என்று அந்தக் காலத்தில் வந்து ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோன நோய். பிறகு இரண்டு மகள்களும் போகிறார்கள். பெரியவள் ஆன், கிரேக்கம் படிக்க ஆசைப்பட்டவள். சின்னவள் கிரேஸ், கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதையாக வர மயிலிறகுச் சிறகு கட்டிக்கொண்டவள். மேன்டல் அழ வைக்க முயற்சி செய்யவே இல்லை. அந்த மனிதர் மறுபடி வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பேரத்திலும் அந்தச் சிறகு நமக்கு ஞாபகம் இருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு?

தாமஸ் மோரை உலகம் நல்லவராகவே அறிந்திருந்தது. மனசாட்சிக்காக 1535-ல் உயிரைக் கொடுத்தவர், கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர். ராபர்ட் போல்ட் எழுதி, பின்னர் ஆஸ்கர் வென்ற படமாகவும் வந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகத்தில் மோர் நாயகன், கிராம்வெல் வில்லன். மேன்டல் நாற்காலியை எடுத்து எதிர்ப் பக்கத்தில் போட்டார். மோரை அநியாயமாகச் சின்னவராக்கிவிட்டார் என்று சில வரலாற்றாசிரியர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கு. கிராம்வெல் ஒன்றும் உத்தமர் இல்லை. மடங்களைக் கலைத்தவர். ஆன் போலினைக் கொலைமேடைக்கு அனுப்பியதிலும் அவர் கை இருந்தது.

நியூயார்க்கின் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த இருவரின் ஓவியங்களும் ஒரு கணப்படுப்புக்கு இருபுறமும் மாட்டப்பட்டிருக்கும். மோர் கம்பீரமாக இருப்பார். கிராம்வெல் சின்னக் கண்களோடு இறுக்கமாக, வட்டிக்கடைக்காரர் மாதிரி இருப்பார். அந்த இரண்டாவது முகத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்று 650 பக்கம் யோசித்ததுதான் 'வுல்ஃப் ஹால்'. ஒரு முகத்தைப் பார்த்து முடிவுக்கு வர நமக்கு இப்போ ஒரு நொடிகூடத் தேவைப்படுவதில்லை. அதனால்தான் இந்தச் சிரமம் எனக்குப் பிடிச்சிருக்கு.

மறுபடி எடுக்கிறவர்களுக்கு

நாலு விஷயம் சொல்றேன்.

ஒன்று, 'ஹீ' யாரென்று குழம்பினால் கிராம்வெல் என்று வைத்துக்கொண்டு மேலே போங்க.

இரண்டு, தொடங்கும்போது ஒரு நீண்ட வார இறுதியை ஒதுக்கி, அந்த 1521 அத்தியாயம் முடியும்வரை ஒரே மூச்சில் போங்க. தினமும் மெட்ரோவில் பத்து பக்கம் என்பது இந்த இடத்துக்குச் சரிவராது. அப்புறம் பத்து பத்தாகப் படிக்கலாம்.

மூன்று, முகங்கள் வேணும்னா 2015-ல் வந்த பிபிசி தொடரின் முதல் எபிசோடைப் பாருங்க. மார்க் ரைலன்ஸ்தான் கிராம்வெல். பிறகு படித்தால் தாமஸ்களுக்கு முகம் கிடைத்துவிடும்.

நான்கு, நடுவில் மெதுவாகும். மன்னர் ஆறு வருஷம் காத்திருந்த கல்யாணம் அது, நாமும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேணும். அங்கேயும் முடியலன்னா வெச்சுடுங்க. ஒரு நாவலை முடிக்காததற்கு யாரும் மார்க் குறைக்கப் போறதில்லை.

கடைசியா ஒண்ணு. வுல்ஃப் ஹால் என்பது வில்ட்ஷயரில் சீமோர் குடும்பத்தின் வீடு. ஹென்றியின் மூன்றாவது மனைவியாகப் போகும் ஜேன் சீமோரின் வீடு. நாவல் முழுக்க நாம் அந்த வீட்டுக்குள் போவதே இல்லை. கடைசிப் பக்கத்தில் கிராம்வெல் அங்கே போகத் திட்டம் போடுகிறார், நாவல் முடிந்துவிடுகிறது. அந்தப் பயணம் அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.