எஸ்கார்ட் விளம்பரத்தில் இருக்கும் நம்பரை நம்பலாமா? அட்வான்ஸ் அனுப்பும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

பெங்களூரு, குருகிராம், ஹைதராபாத், புனே... எந்த ஊர்ப் பெயரோடும் 'எஸ்கார்ட்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக விளம்பரங்கள் கொட்டும். எல்லாவற்றிலும் அழகான ஒரு போட்டோ, ஒரு வாட்ஸ்அப் நம்பர், கூடவே '100% ஜெனுயின்' என்ற முத்திரை. 2016 ஜூனில் இப்படிப்பட்ட 240 இணையதளங்களை முடக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு புதிய தளங்கள் வருவது இன்றுவரை நிற்கவில்லை. இப்போது டெலிகிராம் சேனல், இன்ஸ்டாகிராம் கணக்கு, டேட்டிங் ஆப் என்று கடை பல இடங்களில் விரிந்திருக்கிறது.

வேலைக்காக வெளியூரில் தனியாக இருப்பவர்கள்தான் இந்த வலைக்கு வசதியான இலக்கு. கையில் சம்பளம் இருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியாத விஷயம், ஆபீசுக்கோ வீட்டுக்கோ தெரிந்துவிடுமோ என்ற பயம். மோசடிக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போகலாமா, கூடாதா என்று உபதேசம் செய்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் "இந்த எஸ்கார்ட் நம்பகமானவரா?" என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கினால், முதலில் கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டிருப்பது யார்? பணம் யார் கணக்குக்குப் போகிறது? அந்தப் பெண் தன் விருப்பத்தோடு இதில் இருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல், போட்டோவையும் இனிமையான பேச்சையும் வைத்து நம்பகத்தன்மையை அளக்கவே முடியாது.

போட்டோவில் ஒருவர், சாட்டில் வேறொருவர்

விளம்பரத்தில் இருக்கும் முகம் பெரும்பாலும் யாரோ ஒரு மாடலுடையது, அல்லது இன்ஸ்டாகிராமிலிருந்து திருடப்பட்ட ஒரு சாதாரணப் பெண்ணுடையது. அந்தப் பெண்ணுக்கு இந்த விளம்பரம் இருப்பதே தெரியாது. அவரும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பது எளிய முதல் சோதனை. அதே முகம் டெல்லியில் 'நேஹா', கொல்கத்தாவில் 'ரியா', கொச்சியில் 'அஞ்சலி' என்று வந்தால் அத்தோடு மூடிவிடலாம். ஆனால் எதுவும் கிடைக்கவில்லை என்பதாலேயே அது உண்மையான போட்டோ ஆகிவிடாது. ஏஐ-யால் உருவாக்கிய முகத்துக்கு இணையத்தில் பழைய பிரதி இருக்காது.

பேசும் விதத்தையும் கவனியுங்கள். நீங்கள் எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி தயார் செய்த பதில், விலைப்பட்டியல், நான்கு போட்டோ, "எது வேணும் சார், செலக்ட் பண்ணுங்க". அங்கே உட்கார்ந்திருப்பது ஒரே நேரத்தில் பலரிடம் பேசிக்கொண்டிருக்கும் ஓர் ஆள். "எந்த ஏரியா?" என்றால் "நீங்க இருக்கிற ஏரியாதான் சார்" என்று பதில் வரும். ஒயிட்ஃபீல்டில் இருந்தாலும் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தாலும் அவர் பத்து நிமிட தூரத்தில்தான் இருப்பார். பெங்களூரு டிராஃபிக் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்!

பணம் போகும் பாதை

மோசடியின் முதுகெலும்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கேட்பது சின்னத் தொகை. 'டோக்கன்' அல்லது 'புக்கிங்' என்பார்கள். ஐந்நூறோ ஆயிரமோ போனால் போகிறது என்று நீங்கள் அனுப்பும் அளவுக்குத்தான் அது இருக்கும். அனுப்பியதும் ஒரு ஹோட்டல் பெயர் வரும். பெரும்பாலும் உண்மையிலேயே அந்த ஊரில் இருக்கும் ஹோட்டல்தான். நீங்கள் வாசலுக்குப் போய் நின்றதும் அடுத்த மெசேஜ்: "கேட் பாஸ் எடுக்கணும் சார்". பிறகு 'செக்யூரிட்டி டெபாசிட்'. பிறகு 'மேடம் பாதுகாப்புக்காக' இன்னொரு தொகை. எல்லாமே 'ரீஃபண்டபிள்'. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பெரிய தொகை. ஏற்கெனவே கொடுத்தது வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணத்திலேயே அடுத்ததையும் கொடுக்கிறோம். சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்கப் போகிற கதைதான் இது. ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டால் அப்படி யாரும் தங்கவில்லை என்பார்கள். ஆனால் அதைக் கேட்கத்தான் நமக்குக் கூச்சம், அந்தக் கூச்சமும் அவர்கள் கணக்கில் உண்டு.

யுபிஐ-யில் பணம் அனுப்பும் முன் வங்கியில் பதிவான பெயர் திரையில் தெரியும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பேசியது 'பிரியா', கணக்கில் இருப்பது வேறு மாநிலத்து ஆண் ஒருவரின் பெயர் அல்லது ஏதோ ஒரு 'டிரேடர்ஸ்' என்றால், அது அநேகமாக 'மியூல்' கணக்கு. கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தவருடையது. உங்கள் பணம் அங்கே சில நிமிடங்கள்தான் நிற்கும். உடனே நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து போய்விடும். டோக்கனுக்கு ஒரு க்யூஆர், டெபாசிட்டுக்கு வேறொரு க்யூஆர் என்று வந்தால் சந்தேகப்படக்கூட வேண்டாம், உறுதி செய்துகொள்ளலாம்.

'ரீஃபண்ட் அனுப்புறோம், பின் போடுங்க' என்று ஒரு க்யூஆரோ லிங்க்கோ வந்தால் தொடாதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். அதிசயமாக ஒரு தொகை நிஜமாகவே திரும்பி வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. அது இன்னொரு ஏமாந்தவரின் பணமாக இருந்து, அவர் புகார் கொடுத்தால், பணத்தின் பாதையில் இருக்கும் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம்.

சுருக்கமாகச் சொன்னால், நேரில் பார்ப்பதற்கு முன்பே முகம் தெரியாத கணக்குக்குப் பணம் கேட்கும் எந்த விளம்பரத்தையும் மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

'வெரிஃபிகேஷன்' என்ற பெயரில்

தன் பாதுகாப்புக்காக வாடிக்கையாளர் யார் என்று விசாரிப்பது பாலியல் தொழிலில் இருப்பவர்களின் நியாயமான பழக்கம். முன்பின் தெரியாத ஆணோடு மூடிய அறையில் இருக்கப்போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். நீங்கள் அவரை எடைபோடுவதுபோல் அவரும் உங்களை எடைபோடுவார், போடவும் வேண்டும்.

மோசடிக்காரர்கள் இதைத்தான் நகல் எடுத்திருக்கிறார்கள். "மேடம் சேஃப்டிக்காக ஆதார் அனுப்புங்க, ஆபீஸ் ஐடி கார்டு அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். அனுப்பிவிட்டால் உங்கள் பெயர், வேலை செய்யும் நிறுவனம், வீட்டு முகவரி எல்லாம் அவர்கள் கையில். லிங்க்ட்இன் பக்கத்தைத் தேடி உங்கள் மேனேஜர் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"நம்பிக்கை இல்லன்னா வீடியோ கால் பண்ணுங்க" என்பது அடுத்த தூண்டில். கேட்பதற்கு நல்ல சோதனைபோலத்தான் இருக்கும். எதிர்முனையில் ஓடுவது பல நேரம் முன்பே பதிவு செய்த வீடியோ. இங்கே பதிவாவது உங்கள் முகம். இரண்டையும் ஒரே திரையில் இணைத்து உங்களுக்கே அனுப்பி மிரட்டுவார்கள். ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், ஹரியானாவின் நூஹ் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய மேவாத் பகுதியில் இதைத் தொழிலாகவே நடத்திய கும்பல்களைப் பல மாநில போலீசார் பிடித்திருக்கிறார்கள். மிரட்டலும் ஒரே ஆளோடு முடியாது. அடுத்து 'சைபர் கிரைம் டிஎஸ்பி' பேசுவார். அதற்கடுத்து 'யூடியூப் அதிகாரி' வீடியோவை நீக்கக் கட்டணம் கேட்பார். சிலரிடம் "அந்தப் பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டா" என்றுகூடச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே கும்பல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலர் நினைப்பதுபோல், வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தோடு பாலியல் தொழில் செய்வது இந்தியாவில் குற்றம் இல்லை. அதைச் சுற்றியுள்ள பலவும் குற்றம். 1956-ஆம் ஆண்டின் முறைகேடான கடத்தல் தடுப்புச் சட்டப்படி விடுதி நடத்துவது, மற்றவரின் தொழில் வருமானத்தில் வாழ்வது, ஆள் பிடித்துக் கொடுப்பது, பொது இடத்தில் அழைப்பது எல்லாம் தண்டனைக்குரியவை. ஆகவே, 'ஏஜென்சி' என்று சொல்லிக்கொள்பவர் எவ்வளவு கண்ணியமாகப் பேசினாலும், அவர் செய்வது சட்டப்படி குற்றம். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்று எதைக் காட்டினாலும் அது பொய். அப்படி ஒரு லைசென்ஸே இந்தியாவில் கிடையாது.

வாடிக்கையாளரின் நிலை? இங்கேதான் குழப்பம். வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், ஹோட்டல், மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தால், சட்டத்தின் 7-வது பிரிவு இருவரையுமே தண்டிக்கிறது. 3 மாதம் வரை சிறை. அந்தப் பட்டியலில் ஹோட்டல் இருப்பதைக் கவனியுங்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம், மசாஜ் பார்லர் சோதனையில் சிக்கிய வாடிக்கையாளர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2025-ல் கேரள உயர் நீதிமன்றமோ 'வாடிக்கையாளர்' என்ற சொல்லையே ஏற்கவில்லை. பாலியல் தொழிலாளி ஒரு பண்டம் அல்ல, பணம் கொடுப்பவர் அவரைத் தொழிலுக்குத் தூண்டுகிறார் என்று சொல்லி 5-வது பிரிவின் கீழ் வழக்கைத் தொடர அனுமதித்தது. மாநிலம் மாறினால் உங்கள் நிலைமையும் மாறலாம்.

பாலியல் தொழிலாளர்களையும் மற்ற குடிமக்களைப்போல் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் போலீசாருக்கு உத்தரவிட்டது. வாடிக்கையாளருக்கு மட்டும் அந்தக் கண்ணியம் விதிவிலக்கா என்ன?

அவர் விருப்பத்தோடு இருக்கிறாரா?

விளம்பரம் மோசடியாக இல்லாமல் உண்மையிலேயே ஒரு பெண் வந்தால், அதுவரை இல்லாத கேள்வி ஒன்று எழுகிறது. நம் பணத்தைவிட, நம் மானத்தைவிடப் பெரிய கேள்வி.

எல்லாவற்றையும் வேறொருவரே பேசி முடிக்கிறாரா? அந்தப் பெண்ணிடம் சொந்த போன் இல்லையா? தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லையா? ஆணுறை பற்றியோ நேரம் பற்றியோ எதையும் அவரால் முடிவு செய்ய முடியவில்லையா? கொண்டுவந்து விட்ட ஆள் கீழே காத்திருக்கிறாரா? ஒன்று இருந்தாலே கடத்தல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பல சேர்ந்து வந்தால் அவர் கடத்தப்பட்டவராக இருக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 144-வது பிரிவு, ஒருவர் கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை என்கிறது. 'நம்பக் காரணம் இருந்தோ' என்ற சொற்களை இன்னொரு முறை படியுங்கள். "எனக்குத் தெரியாது சார்" என்பது எல்லா நேரமும் எடுபடாது.

வயதில் சந்தேகம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் பாயும்; சம்மதம் என்பதே கிடையாது. 'காலேஜ் கேர்ள்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது யாருக்கும் வயதுச் சான்றிதழ் ஆகாது.

இப்படித் தோன்றினால் அங்கேயே சண்டை போடாதீர்கள், ஹீரோ ஆகவும் முயலாதீர்கள். நீங்கள் போன பிறகு அடி வாங்கப்போவது அந்தப் பெண். வெளியே வந்து 112-க்குச் சொல்லுங்கள். சிறுமி என்றால் 1098.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா?

பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் அதை நிறுத்திவைக்கும் ஏற்பாடு அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அழைப்பதற்கும் ஒரு வாரம் யோசித்து அழைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

மிரட்டுகிறார்கள் என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால், கொடுக்கக்கூடியவர் என்று உங்கள் நம்பர் பட்டியலில் ஏறிவிடும். சாட்டை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் பண்ணுங்க. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை மறைத்து வையுங்கள். அந்தரங்கப் படமோ வீடியோவோ அவர்களிடம் இருந்தால் 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசத் தளம் உதவும். படத்தை எங்கும் ஏற்றாமல், உங்கள் போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க முயலும்.

புகார் கொடுத்தால் "நீ ஏன் அங்க போன?" என்று கேட்பார்களே என்ற தயக்கம் இருக்கும். கேட்கவும் கூடும். ஆனால் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். இங்கே பாதிக்கப்பட்டவர் நீங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரையோ நம்பிக்கையான நண்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த மிரட்டலுக்குப் பயந்து உயிரை விட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் வயதுக்காரர்கள். ராத்திரி தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிலை வந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.