எகிப்தின் பஞ்சும் நம் தறியும்

குமாரபாளையத்தில் தறிக்குழியில் அமர்ந்தவரைக் கேளுங்கள்; நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலியும் என்பார். நூறாம் நம்பர் போன்ற மெல்லிய நூலை நூற்பதற்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். அதனை நம் நாட்டு ஆலைகள் நெடுங்காலம் எகிப்திலிருந்து தருவித்து வந்தன.

அப்பஞ்சே எகிப்தின் செல்வம். அதுவே அதற்கு விலங்குமாயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பஞ்சு உலகச் சந்தைக்கு வருவது குன்றவே, எகிப்தியப் பஞ்சின் விலை மளமளவென்று ஏறிற்று. போர் ஓய்ந்ததும் விலை சரிந்தது, கடனோ வளர்ந்தது. 1875-இல் சூயஸ் கால்வாயில் தமக்கிருந்த பங்குகளை எகிப்தின் அதிபதி இஸ்மாயில் பிரிட்டனுக்கு விற்றார். 1882-இல் பிரிட்டிஷ் படையே வந்து இறங்கியது. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பது நம் நெசவாளர் அறியாத காட்சியன்று.

விடுதலை பெற்ற இந்தியா 1955-இல் எகிப்துடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. மறு ஆண்டு, அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன உதவியை அமெரிக்கா கைவிட, நாஸர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். லண்டன் மாநாட்டில் கிருஷ்ண மேனன் எகிப்தின் உரிமையை ஏற்றுக்கொண்டே சமரசத்திற்கு வழி தேடினார். இது நட்பின் பொருட்டு மட்டுமன்று. ஐரோப்பாவுடன் நாம் நடத்திய கடல் வாணிகத்திற்கு அதுவே குறுக்குவழி. 1967 முதல் 1975 வரை அவ்வழி அடைபட்டிருந்தபோது, கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிச் செல்ல நேர்ந்தது.

பஞ்சுக்கு மட்டும் வேறு வழி பிறந்தது. எகிப்தின் கார்னக் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுஜாதாவையும், செயின்ட் வின்சென்ட் என்னும் கரிபிய இனத்தையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கிய ‘சுவின்’ 1974-இல் வெளிவந்தது. சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பகுதி உழவர்கள் அதனைப் பயிரிட்டனர். 120-ஆம் நம்பர் நூல் வரை அதில் நூற்கலாம்.