வீட்டு விலையில் எழுதப்படாத பயண நேரம்

கனடாவின் டொரொன்டோ பெருநகரப் பகுதியில், ஸ்காபரோவை விட்டுக் கிழக்கே ஏஜாக்ஸ் போன்ற நகரங்களில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அலுவலகம் சென்றுவரும் நேரமும் அந்த விலையின் ஒரு பகுதியே.

நகர மையத்திலிருந்து விலகும்போது நிலவிலை குறைவது பயணச் சுமைக்கான ஈடு என்பதைப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1964இல் வெளியான நூலில் விளக்கினார். அந்த ஈடு முழுமையானதென்றால், நெடுநேரம் பயணிப்போரின் மனநிறைவு குறையக் கூடாது. ஆனால் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்த அலோய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃபிரேயும், அது குறைவாகவே இருப்பதாக 2008இல் வெளியான ஆய்வில் தெரிவித்தனர்.

ஒருவழிப் பயணம் அரை மணி நேரம் கூடினால், 220 வேலைநாட்களில் 220 மணி நேரம் செலவாகும். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால், இது 27 நாட்களுக்கும் அதிகம். வீட்டிலிருந்து பணியாற்றுவோருக்கு இச்சுமை குறையும். ஆனால் அந்தச் சலுகையை நிறுவனம் விலக்கிக்கொள்ளலாம். வீட்டுக் கடனோ பல்லாண்டுகள் தொடரும்.

போக்குவரத்து வசதியும் நிலையானதல்ல. ஸ்காபரோவில் 1985 முதல் ஓடிய இலகு ரயில், 2023 ஜூலையில் தடம் புரண்டதையடுத்து மீண்டும் இயக்கப்படவில்லை, பேருந்துகளே மாற்றாயின. நிலையத்தருகே வீடு வாங்கியவர்களுக்கு முகவரி மாறாமலே பயணம் மாறியது.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன், பனிக்கால வேலைநாள் ஒன்றின் காலையில் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை சென்று பார்ப்பது பயன்தரும்.